ஜூலியட்டுக்கு ஒரு துண்டு கேக்

தஞ்சாவூரில் இருந்துகொண்டு கோதுமையால் நோய்வாய்ப்படுவதற்குத் தனித் திறமை வேண்டும். எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் நெல்வயல். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் மதியத்துச் சோறு. இங்கே ஒரு விவசாயி வீட்டில் பிறந்திருந்தால், தனக்கு அப்படி ஒரு வியாதி இருப்பது என் மகளுக்குத் தெரியாமலே போயிருக்கும். அவளுடைய கெட்ட நேரம், என் வீட்டில் பிறந்தாள். நான் புது ஆற்றுப் பாலத்துக்கு அருகில் பேக்கரி வைத்திருக்கிறேன். அவள் பிறந்த வருடம் ஆரம்பித்ததால் கடைக்கு அவள் பெயர்தான்: ஜூலியட் பேக்கரி.

சின்ன வயதில் ஜூலியட் ஒரு குச்சி. வயிறு மட்டும் உப்பியிருக்கும். வாயில் எப்போதும் புண். டாக்டர்கள் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். நான் பன் கொடுத்தேன். உடம்பு சரியில்லாதவர்களுக்கு நம் ஊரில் ரொட்டிதானே பத்தியம்? காய்ச்சல் என்றால் பாலில் ரஸ்க். வயிற்றுப்போக்கு என்றால் வாட்டிய ரொட்டி. மற்ற வீட்டுக்காரர்கள் அதைக் கடையில் வாங்கி வரவேண்டும். என் மகளுக்கு அடுப்பிலிருந்து நேராக, சுடச்சுட. அவள் மெலிய மெலிய நான் வெண்ணெயைக் கூட்டினேன். இருபது வருடம் மகளுக்குச் சிறுகச் சிறுக விஷம் வைத்ததோடு, "இன்னும் ஒரு வாய், என் கண்ணு இல்ல" என்று கெஞ்சவும் செய்த தகப்பன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் நர்சிங் படித்துவிட்டு அயர்லாந்துக்குப் போனாள். அங்கே ஒரு டாக்டர் அவள் குடலிலிருந்து துளியூண்டு சதையைக் கிள்ளிப் பார்த்து, நோய்க்குப் பெயர் சொல்லிவிட்டார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசை அவளுக்கு ஆகாது. ஒரு துகள்கூட. சாகும்வரை. அன்றைக்குப் போனில், "அப்பா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும், மனசு கஷ்டப்படாதீங்க" என்று ஆரம்பித்தாள். யாரையோ காதலிக்கிறாள் என்று நினைத்தேன். அதுவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு தோன்றியது.

அதுவும் இருந்தது. அதைச் சொல்ல இன்னும் ஒரு வருடம் எடுத்துக்கொண்டாள். பையன் டேவிட்சன், டப்ளினில் கம்ப்யூட்டர் வேலை, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். 2009 ஜனவரிக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. காலையில் மாதா கோயிலில் திருமணப் பூசை, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டவேண்டும். எங்கள் பங்கில் முப்பது வருடமாக மணப்பெண்கள் வாயில் விழுந்த கேக்கெல்லாம் பெரும்பாலும் என் கடை கேக். என் மகளால் மட்டும் அதைத் தொட முடியாது.

"அதுக்கென்னப்பா, ஊட்டுற மாதிரி பண்ணிட்டா போச்சு" என்றாள் போனில்.

"மாதிரியா?" என்றேன்.

போனை வைத்த கையோடு விண்ணரசியிடம் சொன்னேன். விண்ணரசி என் மனைவி. "பாப்பா முழுங்கற மாதிரி ஒரு கேக்கு நான் செய்வேன்."

"இத்தன வருஷம் முழுங்க வச்சது போதாதா?" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். அவளுடைய உண்மைக்குக் கோபமே தேவலாம்.

அதன் பிறகு கடைக்குள் நுழைந்தால் எனக்கு எல்லாமே வேறாகத் தெரிந்தது. காலை ஏழு மணிக்கு மேல் ஜன்னலில் வெயில் சாய்வாக விழும். அந்த ஒளிக்குள் மைதாத் தூள் மிதக்கும்; மேலும் போகாது, கீழும் இறங்காது, எதையோ யோசிப்பதுபோல் அப்படியே நிற்கும். முப்பது வருடம் அதைப் பார்த்துத்தான் எனக்குப் பொழுது விடிந்திருக்கிறது. உலகத்தில் அதைவிட அழகாக ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் வாதாடியிருப்பேன். இப்போது அதற்குள் மகளை நிறுத்திப் பார்த்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஆகவே ஆராய்ச்சியை வீட்டில் வைத்துக்கொண்டோம். ஒரு சின்ன கரண்ட் ஓவன் வாங்கினேன். கடையிலிருந்து வந்தால் கொல்லைப்புறமாகப் போய், தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேறு வேட்டி கட்டிய பிறகுதான் அடுப்படியில் அனுமதி. "குருவானவரு பூசைக்கு எறங்குறாரு, எல்லாரும் எந்திரிங்க" என்பாள் விண்ணரசி.

முதலில் பச்சரிசி மாவு. மாவு மில்லுக்குக் கொடுக்க முடியாது, அரிசி அரைக்கிற அதே மெஷினில்தான் கோதுமையும் அரைபடும். ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்சியில் அரைத்தோம். வெந்து வந்ததைப் பொதுப்பணித்துறைக்குக் கொடுத்தால் மதகோரம் கரை அரிக்காமல் போட்டுக்கொள்வார்கள். அடுத்தது கேழ்வரகு. அது கேக் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை, களியாகவே இருந்துவிட்டது. உளுந்து மாவில் செய்ததை முகர்ந்து பார்த்துவிட்டு விண்ணரசி பேசாமல் சட்னி அரைக்கப் போனாள். பிறகு சம்பந்தி அனுப்பிய தேங்காயில் பால் பிழிந்து, சக்கையை உலர்த்தி அரைத்துப் பார்த்தேன். அந்த மாவு எத்தனை முட்டை உடைத்து ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் இன்னும் என்று கேட்டது. இதைச் சம்பந்தியிடம் சொல்லவில்லை, மாப்பிள்ளை வீட்டாரைக் குறிப்பிடுவதாக எடுத்துக்கொண்டால் வம்பு.

விஷயம் இதுதான். கோதுமையின் பசை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் கேக் எழும்பி நிற்கிறது. அரிசிக்கு எதையும் பிடித்து வைக்கத் தெரியாது. உள்ளே வந்த காற்றை, போய்விட்டு வா என்று அனுப்பிவிடும். பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டு வாசலில் நிற்கிற ஊரில் விளைவது வேறு எப்படி இருக்கும்?

அந்த நாட்களில் மதியத் தூக்கத்தில் ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்தது. புது ஆற்றில் தண்ணீருக்குப் பதில் அரைத்த அரிசி மாவு ஓடுகிறது. கரை ததும்ப, வெள்ளையாக, சத்தமே இல்லாமல். நான் பாலத்தில் நின்று மொண்டு மொண்டு டின்னில் ஊற்றுகிறேன். அது எழும்புகிறது. டின்னைத் தாண்டி, என் தலையைத் தாண்டி, அறுத்த வயல்களுக்கு மேலே மேகம்போல் நகர்கிறது. அதன் மேல் ஆறு வயது ஜூலியட் பள்ளிக்கூடக் கவுனோடு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, இதத் தின்னா வயிறு வலிக்காதுல்ல?" என்கிறாள். பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது முழிப்பு வந்துவிடும். பக்கத்தில் விண்ணரசி அரிசியைப் புடைத்துக்கொண்டிருப்பாள்.

ஜூலியட்டே ஒரு நாள் போனில் ஒரு விதைத் தோலின் பெயரைச் சொன்னாள். அங்கே எல்லாரும் பசைக்கு அதைத்தான் போடுகிறார்களாம். எதிர்ச்சாரி மருந்துக் கடை பக்கீர் முகம்மதிடம் போய் எழுதியதைக் காட்டினேன். கூத்தாநல்லூர்க்காரர், நிதானமான மனிதர்.

"இது நம்ம இசப்கோல்தான். எத்தன பாக்கெட்டு?"

"பத்து குடுங்க பாய்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"போவாம."

"எனக்கில்ல பாய். கேக்குக்கு."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கேக்குக்கே போவலன்னா அதுல என்னத்தத்தான் போட்டீங்க?"

மறுநாள் அவர் வீட்டிலிருந்து பூவன்பழம் இரண்டு சீப்பு வந்தது. தெருவே என் வயிற்றை நலம் விசாரித்தது. ஆனால் பத்தாவது முயற்சியில், பச்சரிசி மாவும் ஜவ்வரிசி மாவும் கொஞ்சம் இசப்கோலும் நன்றாக அடித்த முட்டையும் சேர்ந்து, ஓவன் கண்ணாடிக்குப் பின்னால் மெல்ல எழும்பியது. எழும்பியது விழவில்லை. நானும் விண்ணரசியும் தரையில் உட்கார்ந்து அதை டிவி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். விண்ணரசி ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"சொல்லு."

"இருங்க," என்றாள். "இன்னொரு துண்டு தின்னுட்டுச் சொல்றேன்."

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் ஜூலியட் வந்து இறங்கினாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. என் கண்ணில் படாமல் இருந்ததால்தான் அந்தச் சதை என்று நினைத்துக்கொண்டேன். கேக்கை நீட்டினேன். பார்த்தாள், முகர்ந்தாள், "வாசனையே தூக்குதுப்பா" என்றாள். "கல்யாணத்தன்னைக்கே சாப்பிடுறேனே. அன்னைக்குத்தான் மொதத் தடவையா இருக்கணும்." பெண் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு ஆசை இருக்கும் போலிருக்கிறது என்று நானும் பெருமையாக மூடி வைத்தேன்.

திட்டம் இதுதான். மேடைக்கு மூன்றடுக்குக் கேக். கீழ் இரண்டு அடுக்கு ஊருக்கு. கடையில் சாமிதுரை செய்வார். அவர் என்னிடம் இருபத்தைந்து வருடமாக இருக்கும் மாஸ்டர். உச்சி அடுக்கு ஜூலியட்டுக்கு. தனித் தட்டில், தொடாமல், என் கையால். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் மாவைக் கலக்கி டின்னில் ஊற்றினேன். ஓவனை முடுக்கினேன். கரண்ட் போயிற்று. அந்த வருடம் கரண்ட் எப்போது வரும் என்பது ஆண்டவரின் இரண்டாம் வருகைபோல. வரும் என்று நம்பவேண்டும், நேரம் கேட்கக் கூடாது. கலக்கிய மாவு காத்திருக்காது.

கடையில் விறகு அடுப்பு இருந்தது. அன்றைக்குக் காலையோடு வேலையை முடித்து, கல்யாணத்துக்காகக் கடையைக் கழுவிவிட்டிருந்தோம். அடுப்புக்குள் கங்கு இன்னும் இருந்தது. டின்னை ஈரத் துணியால் மூடி, சைக்கிளின் பின்சீட்டில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனேன். கடையில் யாருமில்லை. கழுவிய தரை, மூடிய மூட்டைகள், தூசியில்லாத வெயில். இப்படி ஒரு அமைதியில் நான் கேக் சுட்டதே இல்லை. அடுப்பு வாயைத் திறந்தேன், சூடு பார்த்தேன், மாவின் மேற்பரப்பை ஈர விரலால் வழித்துச் சமன் செய்தேன், கட்டைத் துடுப்பால் உள்ளே தள்ளினேன். முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தூங்கினேனா என்று தெரியாது. வெளியே எடுத்தபோது அது பொன்னாக இருந்தது. வைக்கோல் நிறமும் இல்லை, செம்மண் நிறமும் இல்லை. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் சம்பா வயலுக்கு மாலையில் ஒரு நிறம் வருமே, அது. வீடு வரும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

கல்யாணக் காலை. பனி இறங்கி, எதிர்வீடு தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து சாமிதுரை கீழ் அடுக்குகளோடு வந்து சேர்ந்தார். உச்சி அடுக்கைக் காட்டினேன். குனிந்து, சுற்றி வந்து பார்த்தார்.

"நம்ம விறகு அடுப்புலயா மொதலாளி? அடி கருகாம எடுத்துருக்கீங்களே. சூடு சரியாப் பாத்தீங்களா?"

"பாக்காம? ஒரு அருள் நிறைந்த மரியே முடியறதுக்கும் சிவக்கறதுக்கும் சரியா இருந்துச்சு."

என் கடையில் வெப்பமானி கிடையாது. அடுப்புத் தளத்தில் ஒரு சிட்டிகை தூவிவிட்டு, மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லவேண்டும். ஆமென் வருவதற்குள் கருகினால் சூடு அதிகம், வெள்ளையாகவே இருந்தால் போதாது, சிவந்தால் கேக்குக்குச் சரி. முப்பது வருடமாக அப்படித்தான்.

சாமிதுரை நிமிர்ந்தார். "எது சிவந்துச்சு?"

என் வலது கையைப் பார்த்தேன். அது நேற்று மதியம், நான் கனவுபோல நின்றுகொண்டிருந்தபோது, தானாகப் போய் மூடியிருந்த மூட்டையைத் திறந்து, ஒரு சிட்டிகை மைதாவை எடுத்துத் தூவியிருக்கிறது. பிறகு அதே விரலை நனைத்து, மகளுடைய கேக்கின் முகத்தைத் தடவிக் கொடுத்திருக்கிறது.

"ஒரு சிட்டிகதானே மொதலாளி," என்றார் சாமிதுரை மெதுவாக. "அதுவும் தீஞ்சு போச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

"பாப்பா கொடலுக்குத் தெரியும்."

சொல்லவேண்டும் என்று உள்ளே போனேன். ஜூலியட்டைச் சுற்றி ஆறு பெண்கள் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா, அழுதீங்களா, அழக் கூடாது, நேரமாச்சு" என்று அவளே என்னை வெளியே அனுப்பினாள்.

கோயிலில் முன்வரிசை. விண்ணரசி பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். "விண்ணு, நான் மைதாவப் போட்டுட்டேன்" என்றேன். "எதுல?" என்றாள், ராகம் கெடாமல். "பாப்பா கேக்குல." இரண்டு அடி பாடினாள். "பாட்டு முடியட்டும்" என்றாள். முடிந்தது. கையை மட்டும் என் கைமேல் வைத்தாள், அந்த வலது கைமேல்.

நற்கருணை நேரம். ஜூலியட் அப்பத்தை வாங்கவில்லை. முன்னமே குருவானவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அது கோதுமை அப்பம், அதனால் கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் ஒரு வாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரிடமே ஜாக்கிரதையாக இருக்கிற பெண் என்னை நம்பி மாலையில் வாயைத் திறக்கப் போகிறாள்.

மதியம் விருந்து முடிந்து வீட்டுக்கு வந்தோம். ஆறு மணிக்கு மண்டபத்தில் இருக்கவேண்டும். ஜூலியட் நகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிட்டிகை, ஜெபம், விரல். சொல்லும்போது எனக்கே அது யாரோ ஒரு முட்டாளின் கதைபோல இருந்தது.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நானும் ஒன்னு சொல்லவாப்பா? அத நான் சாப்பிடுறதா இல்ல."

"இனிமே எப்படிச் சாப்பிடுவ."

"இனிமே இல்ல. மொதல்லேருந்தே. டேவிட்சன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், வாய்கிட்ட கொண்டாந்துட்டு நிறுத்திடு, நான் கைக்குட்டையில வாங்கிக்கிறேன்னு. அன்னைக்கு நீங்க நீட்டுனப்பவும் அதான். உங்களுக்கு எப்படிப்பா சொல்றது? உங்க சட்டையில, தலமுடியில, காதுல, எல்லாம் மாவுதானே. நீங்களே மாவுதானே."

வலித்தது. வலிக்கவேண்டிய இடத்தில்தான் வலித்தது.

"அங்க போன புதுசுல, கோதுமைய நிறுத்துனதுக்கு அப்புறம், டூட்டி முடிஞ்சு வரப்ப ஒரு பேக்கரி வாசல்ல நிப்பேன்" என்றாள். "உள்ள போவ மாட்டேன். சும்மா மோந்துட்டு நிப்பேன். பஸ்ஸ விட்ருவேன்."

பிறகு எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "கரண்ட் இருக்கா?"

இருந்தது. நாலு மணிவரை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது.

தாலி கட்டிய பெண் நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் மல்லிகைப்பூவோடு அடுப்படிக்குள் போனாள். விண்ணரசி அரைத்து வைத்த அரிசி மாவு மிச்சம் இருந்தது. ஓவனைத் துடைத்தாள். புதுச் சோப்பால் கிண்ணத்தைக் கழுவினாள். நான் வாசற்படியில் காலை வைத்தேன்.

"அங்கயே நில்லுங்கப்பா."

நின்றேன். என் வீட்டு அடுப்படியில் எனக்கு இடமில்லை. அவள் முட்டையை உடைத்து அடித்தாள். இசப்கோலை அளந்து தண்ணீரில் போட்டு, அது குழகுழவென்று ஆகும்வரை காத்திருந்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாக வந்தது. மூன்று வருடமாக ஒரு வாடகை அறையில் தனக்குத்தானே சமைத்துக்கொண்ட கை அது. சின்ன டின்தான் மிஞ்சியிருந்தது, சோற்றுக் கிண்ணம் அளவு. கொல்லைக் கதவு வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. அரிசி மாவு அந்த ஒளிக்குள் எழும்பி, அவளைச் சுற்றி, பூவைச் சுற்றி, அப்படியே நின்றது. அவள் அதற்குள் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை.

"மேல வெடிக்குமாப்பா?"

"ஈரக் கையால லேசா வழிச்சு விடு."

"போதுமா?"

"போதும்."

உப்பு போட மறந்துவிட்டாள். பார்த்தேன், சொல்லவில்லை. ஆயுளில் முதல் தடவையாக ஒருவர் கேக் செய்யும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெந்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்து, தூங்கி வழிகிற ஆள் மாதிரி இருந்தது.

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டடுக்குக் கேக்கின் ஓரத்தில், தனித் தட்டில், மூடிபோட்டு அந்தச் சின்னது. நான் செய்த பொன்னான உச்சி அடுக்கை வீட்டிலேயே வைத்துவிட்டோம். அதைச் சாமிதுரை குடும்பம் பிற்பாடு சாப்பிட்டு வாழ்த்தியது. பெரிய கேக்கை இருவரும் வெட்டினார்கள். பிறகு டேவிட்சன் சின்னத் தட்டின் மூடியைத் திறந்து, ஒரு துண்டு எடுத்து, என் மகளின் வாய்க்கு நேரே கொண்டுபோனான். முன்னால் பேசி வைத்திருந்த நினைப்பில் கொஞ்சம் நிறுத்தினான். அவள் தலையை முன்னால் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மண்டபத்தின் சத்தம் எனக்குக் கேட்காமல் போயிற்று. பனிக்குள் நிற்பதுபோல் இருந்தது. அவள் மென்றாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"சார், சார், ஒரு நிமிஷம்," என்றார் வீடியோக்காரர். "லைட்டு சரியா விழல. இன்னொரு தடவ ஊட்டுங்க. முழுங்க வேணாம்மா, சும்மா வாய்கிட்ட காட்டுங்க போதும்."

டேவிட்சன் இன்னொரு துண்டை எடுத்து அவள் உதட்டருகே காட்டினான். வீடியோக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜூலியட் அந்தத் துண்டையும் சாப்பிட்டாள். வீடியோக்காரர் அடுத்த ஏற்பாட்டுக்கு விளக்கைத் திருப்பிக்கொண்டு போனார். மேடையில் ஓரமாக வெளிச்சம் குறைந்த அந்த இடத்தில், யாரும் ஊட்டாமல், தட்டில் மிச்சமிருந்ததை அவளே ஒரு கையால் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, கீழே என்னைப் பார்த்து, மறு கையால் சிட்டிகை தூவுவதுபோல் காட்டிக் கேட்டாள்: உப்பு?

போடவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். அவள் வாய் நிறைய கேக்கோடு சிரித்தாள்.